வாசிக்க மறுக்கும் இறுவட்டு: கேம் மெஷின் திருத்தும் தொழிலில் நுட்பமும் நாணயமும்

வெளிநாட்டில் உழைக்கும் தகப்பனோ மாமாவோ விடுமுறையில் கொண்டுவந்து கொடுத்த பிளேஸ்டேஷன் ஒன்று எமது வீடுகள் பலவற்றில் இருக்கிறது. சில வருடங்கள் நன்றாக ஓடிய அந்த இயந்திரம் ஒருநாள் இறுவட்டை உள்ளே வாங்கி, சற்று நேரம் முனகிவிட்டு, "இறுவட்டு இல்லை" என்றோ "வாசிக்க முடியவில்லை" என்றோ திரையில் காட்டும். மின்சாரம் வருகிறது, படம் வருகிறது, கைப்பிடியும் வேலை செய்கிறது. ஆனால் விளையாட்டு மட்டும் ஆரம்பமாவதில்லை. திருத்துமிடத்துக்குக் கொண்டுபோனால் ஒருவர் சிறு தொகை கேட்கிறார். இன்னொருவர் அதைப்போல் பத்து மடங்கு கேட்கிறார். மூன்றாமவர் "இதை வீசிவிட்டு வேறொன்று வாங்குங்கள்" என்கிறார்.

பிள்ளைகள் கேம் விளையாடுவது எந்த அளவுக்கு நல்லது என்பது பெற்றோர் தீர்மானிக்க வேண்டிய வேறு விடயம். இங்கு நாம் பார்ப்பது இதிலுள்ள தொழிலை. 2022 மார்ச்சில் ரூபா மிதக்க விடப்பட்டபோது சுமார் 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் சில வாரங்களுக்குள் 300 ரூபாவைத் தாண்டியது. புதிய இயந்திரம் வாங்குவது பலருக்கு எட்டாத காரியமாகிவிட்டது. ஆகவே பழையதைத் திருத்திப் பாவிப்பதற்கு மதிப்புக் கூடியுள்ளது. சிறிய மேசை ஒன்றும், சில ஆயுதங்களும், பொறுமையும் உள்ள ஓர் இளைஞருக்கு இது ஹலாலான வருமானம் தரக்கூடிய துறை. ஆனால் இத்துறையில் பணம் ஈட்டித் தருவது உதிரிப்பாகம் அல்ல. கோளாறைச் சரியாக இனங்காணும் அறிவும், கண்டதை மறைக்காமல் சொல்லும் நாணயமுமே ஈட்டித் தருகின்றன.

இயந்திரம் எவ்வாறு வாசிக்கிறது?

12 சென்ரிமீட்டர் விட்டமுள்ள இறுவட்டின் உள்ளே, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருளாகச் செல்லும் ஒரு தடத்தில் மிகச் சிறிய குழிகள் பதிக்கப்பட்டுள்ளன. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி சீடியில் 1.6 மைக்ரோமீட்டர், டிவிடியில் 0.74, புளூரேயில் 0.32. மனிதத் தலைமயிரின் தடிப்பு சுமார் 70 மைக்ரோமீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த வேலையின் நுணுக்கம் விளங்கும்.

இயந்திரத்தின் உள்ளேயுள்ள லென்ஸ் வழியாக லேசர் ஒளி இறுவட்டில் பட்டுத் திரும்பி வருகிறது. அந்த ஒளியின் ஏற்ற இறக்கமே தகவலாக மாற்றப்படுகிறது. லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது. சிறு மின்சுருள்கள் அதை மேலும் கீழும் அசைத்துக் குவியத்தைச் சரிசெய்கின்றன, பக்கவாட்டில் அசைத்துத் தடத்தைப் பின்பற்றச் செய்கின்றன. இந்த லென்ஸ் தொகுதி முழுவதும் உலோகத் தண்டுகளின் மேல் உள்ளும் வெளியுமாக நகர்கிறது. இறுவட்டைச் சுழற்றுவது வேறொரு மோட்டார்.

இறுவட்டை இட்டதும் லென்ஸ் மேலும் கீழும் அசைந்து திரும்பிவரும் ஒளியைத் தேடுகிறது. போதிய ஒளி கிடைக்காவிட்டால், உள்ளே ஒன்றுமில்லை என்று இயந்திரம் முடிவு செய்கிறது. எனவே "இறுவட்டு இல்லை" என்ற செய்தியை "போதிய ஒளி திரும்பி வரவில்லை" என்று திருத்துநர் வாசிக்க வேண்டும். ஒளி ஏன் வரவில்லை என்பதைத் தேடிப் பிடிப்பதே அவருடைய தொழில்.

பெரிய கம்பனிகளும் சந்தித்த பிரச்சினை

1994 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த முதலாவது பிளேஸ்டேஷனின் ஆரம்ப மாதிரிகளில் லென்ஸ் தொகுதி பிளாஸ்டிக்கினால் ஆனது. மின்வழங்கியின் சூட்டுக்கு அருகில் இருந்த அது நாளடைவில் தேய்ந்து சாய்ந்தது. இயந்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் மீண்டும் வாசித்தது. அக்காலத்தில் உலகெங்கும் பிள்ளைகள் அப்படிக் கவிழ்த்து வைத்தே விளையாடினார்கள். பிந்திய மாதிரிகளில் சோனி நிறுவனம் அமைப்பை மாற்றியது.

2000ஆம் ஆண்டு வெளிவந்து 15 கோடிக்கும் மேல் விற்பனையான பிளேஸ்டேஷன் 2இலும் வாசிப்புக் கோளாறு பரவலாக இருந்தது. 2002இல் கலிபோர்னியாவில் பாவனையாளர்கள் சார்பில் சோனியின் அமெரிக்கக் கம்பனிக்கு எதிராக வழக்குத் தொடரப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணம் வழங்கும் இணக்கப்பாட்டுடன் அது முடிவுற்றது.

2008இல் நின்டென்டோ நிறுவனத்தின் வீ இயந்திரங்களில் சில, இரட்டைப் படையுள்ள புதிய இறுவட்டு ஒன்றை வாசிக்கத் தடுமாறின. லென்ஸில் அழுக்குப் படிந்திருப்பது காரணமாக இருக்கலாம் என்று கூறிய நிறுவனம், அவ்வாறான இயந்திரங்களை இலவசமாகச் சீர்செய்து தருவதாக அமெரிக்காவில் அறிவித்தது. இதில் எமது திருத்துநர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. முதலில் சந்தேகிக்க வேண்டியது அழுக்கையே.

மலிவிலிருந்து ஆரம்பிக்கும் படிமுறை

நல்ல திருத்துநர் செலவு குறைந்த காரணத்தை முதலில் பார்த்து, அது இல்லையென்று உறுதியான பிறகே அடுத்ததற்குப் போவார்.

முதலாவது, இறுவட்டைப் பார்க்க வேண்டும். நன்றாக ஓடும் என்று தெரிந்த வேறோர் இறுவட்டை இட்டுப் பார்க்காமல் இயந்திரத்தைத் திறக்கக் கூடாது. இறுவட்டை மென்மையான துணியால் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் ஏற்படும் கீறல் தடத்தின் திசையிலேயே ஓடி அதிகம் கெடுக்கும். சீடியில் தகவல் படை பெயர் அச்சிட்ட பக்கத்துக்கு மிக அருகில் இருப்பதால், அந்தப் பக்கத்தில் விழும் ஆழமான கீறலுக்குப் பரிகாரம் இல்லை. எக்ஸ்பொக்ஸ் 360 ஓடிக்கொண்டிருக்கும்போது அதை அசைத்தாலோ நிமிர்த்தினாலோ இறுவட்டில் வட்டமான ஆழக் கீறல் விழும். அப்படியான இறுவட்டுடன் வருபவரின் இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லாமலிருக்கலாம்.

இரண்டாவது, இருவகை இறுவட்டுகளால் சோதிக்க வேண்டும். சீடியை வாசிக்க 780 நனோமீட்டர் அலைநீளமுள்ள லேசரும் டிவிடிக்கு 650 நனோமீட்டர் லேசரும் பயன்படுகின்றன. பிளேஸ்டேஷன் 2 இவ்விரண்டையும் வாசிக்கும் இயந்திரம். அதன் சில கேம்கள் நீல நிற அடிப்பாகமுள்ள சீடியிலும், ஏனையவை வெள்ளி நிற டிவிடியிலும் வந்தன. நீலத்தை வாசித்து வெள்ளியை வாசிக்காவிட்டால் மோட்டாரையோ மின்வழங்கியையோ குறைகூற இடமில்லை. டிவிடிக்குரிய லேசர் பலமிழந்துள்ளது அல்லது லென்ஸில் அழுக்கு இருக்கிறது. பிளேஸ்டேஷன் 3, 4 ஆகியவற்றில் டிவிடி ஒன்றையும் புளூரே ஒன்றையும் இட்டு இதேபோல் பார்க்கலாம். புளூரேயின் லேசர் 405 நனோமீட்டர். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டிய விலையில் பாதி இங்கேயே தீர்மானமாகிவிடும்.

மூன்றாவது, லென்ஸைச் சுத்தம் செய்ய வேண்டும். மின்சாரத்தை முற்றாகத் துண்டித்த பிறகே மூடியைக் கழற்ற வேண்டும். லேசர் ஒளி கண்ணுக்குக் கேடு என்பதால் மூடி திறந்த நிலையில் இயக்கி லென்ஸை நேராகப் பார்க்கக் கூடாது. தூய்மை கூடிய ஐசோபுரோப்பைல் அல்கஹோலில் பஞ்சுக் குச்சியைச் சற்றே நனைத்து, லென்ஸை அழுத்தாமல் தடவி, உலர விட வேண்டும். லென்ஸ் தொங்கும் கம்பிகள் மிக நுண்ணியவை. பலமாக அழுத்துவதும் காற்றை வேகமாக அடிப்பதும் அவற்றை வளைத்துவிடும். சமையலறைப் புகையும் சிகரட் புகையும் தூசியும் சேர்ந்து லென்ஸில் படியும் மெல்லிய படலம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒளியைக் குறைக்க அது போதும்.

நான்காவது, அசையும் பாகங்களைப் பார்க்க வேண்டும். லென்ஸ் நகரும் தண்டில் பழைய கிறீஸ் காய்ந்து பிசினாகியிருந்தால், விளையாட்டின் ஆரம்பம் வரும், நடுவில் நின்றுவிடும். பழைய கிறீஸைத் துடைத்து, பிளாஸ்டிக்குக்குப் பொருத்தமான கிறீஸைச் சிறிதளவு இட வேண்டும். இறுவட்டை மேலிருந்து பிடிக்கும் காந்த வட்டம் கழன்றிருந்தால் இறுவட்டு வழுக்கும். பட்டை வயர் சரியாகச் செருகப்படாமல் இருப்பதும், முன்பு திறந்தவர் அதை மடித்து உடைத்திருப்பதும் அடிக்கடி காணக்கூடியவை.

ஐந்தாவது, மேற்கண்டவை எல்லாம் பலனளிக்காதபோதே லென்ஸ் தொகுதியை மாற்ற வேண்டும். புதிய தொகுதிகள் பலவற்றில் நிலைமின்னிலிருந்து லேசரைப் பாதுகாக்க ஒரு சிறு ஈயப் பொட்டு வைக்கப்பட்டிருக்கும். பொருத்திய பின் அதை அகற்ற வேண்டும். அகற்றாவிட்டால் புதிய லென்ஸும் வாசிக்காது. இதை அறியாமல் "பாகம் பழுது" என்று இறக்குமதியாளருடன் சண்டை பிடிப்பவர்களும் உண்டு.

ஆறாவது, புதிய லென்ஸுக்கும் அசைவில்லையென்றால் கோளாறு மின்சுற்றுப் பலகையில் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 2இன் மெலிந்த வகையில், முதல் வந்த 70000 தொடர் மாதிரிகளில் லென்ஸின் மின்சுருள் எரிந்துபோவது தெரிந்த ஒரு பலவீனம். அப்படியானதில் எரிந்ததற்கான காரணத்தைச் சீர்செய்யாமல் புது லென்ஸைப் பூட்டினால் அதுவும் எரிந்துவிடும்.

"பொட்" திருகும் தந்திரம்

பழைய லென்ஸ் தொகுதிகளில், லேசருக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் மிகச் சிறிய திருகு ஒன்று இருக்கிறது. "பொட்" என்று திருத்துநர்கள் அழைப்பது இதைத்தான். பலமிழந்த லேசருக்கு இதைத் திருகி மின்னோட்டத்தைக் கூட்டினால் இயந்திரம் அந்த இடத்திலேயே வாசிக்கத் தொடங்கும். வாடிக்கையாளர் மகிழ்ச்சியுடன் காசைக் கொடுத்துவிட்டுப் போவார். ஆனால் ஏற்கனவே களைத்துப்போன லேசர் கூடிய மின்னோட்டத்தில் இன்னும் விரைவாகத் தேய்ந்து, விரைவிலேயே முற்றாக நின்றுவிடும்.

இதைச் செய்வது எல்லா வேளையிலும் பிழையென்று சொல்ல முடியாது. பாகமே கிடைக்காத பழைய இயந்திரத்துக்கு, உண்மையைச் சொல்லி, சிறு கூலிக்குச் செய்து கொடுக்கலாம். "லென்ஸ் மாற்றினேன்" என்று கூறி முழுத் தொகையையும் வாங்குவதுதான் மோசடி. சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அந்த ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்டுக் கண்டித்த சம்பவம் எம் அனைவருக்கும் தெரியும். மூடிய இயந்திரத்தின் உள்ளே நடப்பதை வாடிக்கையாளர் காண்பதில்லை. ஈரத்தை மேலே வைப்பது இங்கு திருத்துநரின் வாய்ச்சொல்லில்தான் இருக்கிறது.

பலகையும் இயந்திரமும் ஒரு சோடி

புதிதாக இத்தொழிலுக்கு வருபவர்கள் அவசியம் அறிய வேண்டிய இன்னொரு விடயம் உண்டு. எக்ஸ்பொக்ஸ் 360இலிருந்தும் பிளேஸ்டேஷன் 3இலிருந்தும், இறுவட்டு வாசிப்பானின் மின்சுற்றுப் பலகை அந்தந்த இயந்திரத்தின் தாய்ப் பலகையுடன் இரகசியக் குறியீட்டால் பிணைக்கப்பட்டிருக்கிறது. வேறோர் இயந்திரத்தின் வாசிப்பானை முழுமையாகக் கழற்றி மாட்டினால் கேம் ஓடாது. எனவே வாசிப்பானின் பழைய பலகையை அப்படியே வைத்துக்கொண்டு லென்ஸையும் இயந்திரப் பாகங்களையும் மட்டுமே மாற்ற வேண்டும். பழைய பலகையைக் குப்பையில் போட்ட திருத்துநர் வாடிக்கையாளரின் இயந்திரத்தையே அழித்தவராகிறார்.

இந்தப் பிணைப்பு உலகளவில் சர்ச்சைக்குரியது. 2021 ஒக்டோபரில் அமெரிக்காவின் பதிப்புரிமை அலுவலகம், கேம் இயந்திரத்தின் இறுவட்டு வாசிப்பானைத் திருத்தும் தேவைக்காக இப்பூட்டைத் தாண்டுவதற்கு வரையறுக்கப்பட்ட விலக்கு அளித்தது. திருத்திய பின் பூட்டை மீண்டும் பழையபடி செயற்பட வைக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. 2023 நவம்பரில் வெளிவந்த மெலிந்த பிளேஸ்டேஷன் 5இல் வாசிப்பானைக் கையாலேயே கழற்றி மாட்டலாம். எனினும் முதன்முறை மாட்டும்போது இணையத்தின் மூலம் அதை இயந்திரத்துடன் இணைத்தாக வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம்

ஓர் அனுமானக் கணக்கை எடுத்துக்கொள்வோம். லென்ஸ் மாற்றுவதற்கு 7,000 ரூபா அறவிடுகிறீர்கள். மலிவு லென்ஸ் 3,000 ரூபா, தரமானது 4,000 ரூபா. மலிவில் 10 இயந்திரங்கள் செய்தால் இலாபம் 40,000 ரூபா. தரமானதில் 30,000 ரூபா. மேலோட்டமாக மலிவே இலாபம்.

ஆனால் மலிவு லென்ஸ் பூட்டிய 10இல் 4 திரும்பி வந்தால், மீண்டும் லென்ஸ் வாங்க 12,000 ரூபா போகும். மிஞ்சுவது 28,000 ரூபா, செய்த வேலை 14. தரமானதில் 1 திரும்பினால் மிஞ்சுவது 26,000 ரூபா, செய்த வேலை 11. ஒரு வேலைக்கான வருமானம் முதலாவதில் 2,000 ரூபா, இரண்டாவதில் சுமார் 2,360 ரூபா. அத்துடன் மனம் கசந்த நான்கு வாடிக்கையாளர்கள் ஊரில் பேசப்போவதற்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. சிறிய ஊரில் திருத்துநருக்கு விளம்பரம் செய்வது பள்ளிவாசல் முற்றத்திலும் தேநீர்க் கடையிலும் நடக்கும் பேச்சுதான்.

ஆகவே கட்டணத்தை மூன்றாகப் பிரித்து எழுதி ஒட்டிவிடுவது சிறந்தது: பரிசோதனைக் கூலி, சுத்தம் செய்யும் கூலி, பாகம் மாற்றும் கூலி. வெறும் அழுக்குக்கு லென்ஸ் விலை கேட்பவரிடம் மக்கள் இரண்டாம் முறை போவதில்லை. "இதற்குச் சுத்தம் செய்ததே போதும்" என்று சிறு தொகை வாங்கியவரிடம் அடுத்த முறை கைத்தொலைபேசியையும் கணினியையும் சேர்த்துக் கொண்டுவருவார்கள்.

இரு தரப்பும் கவனிக்க வேண்டியவை

இயந்திரத்தைக் கொடுப்பவர் அதன் தொடர் இலக்கத்தைக் குறித்து வைக்க வேண்டும். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். அதில் செய்த வேலையும் உத்தரவாதக் காலமும் எழுதப்பட வேண்டும். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் எமது நாட்டில் பாவனையாளரைப் பாதுகாப்பதற்காகவே உள்ளது.

திருத்துநர் பொறுப்பேற்கும்போதே இயந்திரத்தின் நிலையை வாடிக்கையாளர் முன் எழுதிக்கொள்ள வேண்டும். ஜப்பான் சந்தைக்குச் செய்யப்பட்ட பழைய பிளேஸ்டேஷன் 2 இயந்திரங்கள் 100 வோல்ட் மின்சாரத்துக்கானவை. எமது 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் புதிதாக இன்னொரு கோளாறு உண்டாகும். இயந்திரத்தின் வன்தட்டில் பிள்ளைகளின் சேமிப்புகளும் குடும்பத்தின் கணக்கு விபரங்களும் இருக்கலாம். அனுமதியின்றி அவற்றைப் பார்ப்பதும் அழிப்பதும் அமானிதத்துக்கு மாறானவை.

பிரதி செய்யப்பட்ட கேம் இறுவட்டுகளை விற்பது இத்தொழிலோடு ஒட்டிவரும் ஒரு சபலம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி அது குற்றம். 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகடமியும் ஆக்க உரிமைகள் ஷரீஅத்தினால் பாதுகாக்கப்பட்டவை என்று தீர்மானித்துள்ளது. கூலியில் தேடிய பரக்கத்தை இறுவட்டில் இழக்கக் கூடாது.

நாளைய சந்தை

பிளேஸ்டேஷன் 5 வெளிவந்த 2020இலேயே இறுவட்டு வாசிப்பான் இல்லாத வகையும் கூடவே வந்தது. 2024இல் வந்த புரோ வகையில் வாசிப்பான் பெட்டிக்குள் வருவதேயில்லை, தனியாக வாங்க வேண்டும். எனவே இறுவட்டுக் கோளாறை மட்டும் நம்பித் தொழில் ஆரம்பிப்பது தூரநோக்கானதல்ல. அதேநேரம் பிளேஸ்டேஷன் 3 எட்டரைக் கோடிக்கும் மேலும், பிளேஸ்டேஷன் 4 பதினொரு கோடிக்கும் மேலும் உலகில் விற்கப்பட்டுள்ளன. அவை அனைத்தும் வாசிப்பான் உள்ளவை. இன்னும் பல வருடங்களுக்கு அவை திருத்துநரைத் தேடி வரும். அந்தக் காலத்துக்குள் எச்.டி.எம்.ஐ. முனை மாற்றுதல், விசிறியைச் சுத்தம் செய்து வெப்பப் பசை இடுதல், கைப்பிடிகளின் கோளாறு நீக்குதல் ஆகியவற்றையும் கற்றுக்கொள்ள வேண்டும். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திய பிள்ளைகள் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் இலத்திரனியல் பாடநெறிகளைப் பற்றி விசாரித்துப் பார்க்கலாம். சான்றிதழ் கையிலிருந்தால் நாளை வெளிநாடு செல்லவும் உதவும்.

பெற்றோர்களும் ஒன்றைச் செய்யலாம். வீட்டில் கிடக்கும் பழுதான இயந்திரத்தை வீசுவதற்கு முன், வேறோர் இறுவட்டை இட்டுப் பாருங்கள். பிறகு திருத்துநரிடம் கொண்டுபோய், "நீலத்தை வாசிக்கிறதா, வெள்ளியை வாசிக்கிறதா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர் சோதித்துவிட்டு விடை சொன்னால் நம்பிக் கொடுக்கலாம். திறந்து பார்க்காமலே விலை சொன்னால் அடுத்த கடைக்குச் செல்லுங்கள்.